உலகம்மையின் கன்னம்

“முகம் மட்டும் உப்பிக்கிட்டு நிக்கு டீச்சர்” என்றாள் செண்பகவடிவு.

டீச்சர் ஜெபசீலிக்கு முப்பத்தைந்து வயது. மாணவிக்கு அறுபத்து மூன்று. ஆனாலும் தையல் வகுப்புக்குள் செண்பகவடிவு நின்றுகொண்டுதான் பேசுவாள். கத்துக்குடுக்கிறவளுக்கு வயசு என்ன வேண்டிக்கிடக்கு என்பாள்.

ஜெபசீலி துணியை வாங்கி மேஜையில் விரித்தாள்.

இரண்டு சாண் அகலம் இருக்கும். நடுவில் ஒரு பழைய ஸ்டுடியோ போட்டோவைப் பெரிதாக்கி, பருத்தித் துணியில் அச்சடித்திருந்தது. அக்காவும் தங்கச்சியும். ரெட்டைச் சடை, ஒரே சீட்டியில் பாவாடை. சுற்றிலும் சேலைத் துண்டுகளால் ஒட்டுவேலை. அடியில் பஞ்சு, அதற்கும் அடியில் வெள்ளைத் துணி.

மூன்றும் பிரியாமல் இருக்க, மேலிருந்து அடிவரை ஊசி ஏறி இறங்க வேண்டும். பாவாடை, சடை, பின்னால் தொங்கும் திரை எல்லாவற்றிலும் ஏறி இறங்கியிருந்தது. சின்னவள் முகத்தில் மட்டும் ஒரு தையல்கூட இல்லை.

“தைக்காத இடம் உப்பத்தானக்கா செய்யும்?”

“உசுரோட இருக்கவ முகத்துல எப்படி டீச்சர் ஊசியை ஏத்த?”

“உங்க முகத்துல ஏத்தியிருக்கீங்க. நீங்களும் உசுரோடதான இருக்கீங்க?”

செண்பகவடிவு உப்பிய இடத்தை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

தங்கச்சி உலகம்மையைப் பார்த்து நாற்பத்தோரு வருஷம். ஒரு கடிதாசி கிடையாது, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து கிடையாது. இப்போது அவள் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள் என்று காதுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பதாக இருந்தாள் செண்பகவடிவு. யாரும் கூப்பிடவில்லை. வாசலோடு போ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதற்குத்தான் இந்தத் துணி. இதையாவது வாங்கிக்கொள்ள மாட்டாளா என்று ஒரு நப்பாசை.

“கன்னத்து மேல ஒரு பூவை வெட்டி வச்சு மறைச்சிரலாமா டீச்சர்?”

ஜெபசீலி சிவப்புத் துணியில் ஒரு பூ வெட்டினாள். சின்னவள் முகத்தின்மேல் வைத்தாள்.

“இது யாரு?”

செண்பகவடிவு வெடுக்கென்று பூவை எடுத்துவிட்டாள்.

ஜெபசீலி துணியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். சின்னவள் கன்னத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், கடுகு கடுகாக.

“பூச்சி அரிச்சதா?”

“ஆமா.”

ஜெபசீலி அவளையே பார்த்தாள்.

“இல்ல” என்றாள் செண்பகவடிவு. “நான் குத்தினது.”

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் டீச்சர். புதன்கிழமை இவ ஒருத்தன்கூடப் போயிட்டா. ஓடுகாலி வீட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்னுட்டாங்க. அன்னைக்கு சேலையில கிடந்த ஊக்கைக் கழட்டி, நாசமாப் போ, நாசமாப் போன்னு இந்தப் போட்டோவுல குத்தினேன். அதுக்கப்புறம் என்னைப் பொண்ணு கேட்டு ஒருத்தரும் படியேறல. சின்னப் போட்டோவுல இது கண்ணுக்கே தெரியாது. பெரிசாக்கினதும் இப்படித் தெரிஞ்சிட்டு.”

“எத்தனை குத்து?”

“எட்டு.”

ஜெபசீலி எண்ணிப் பார்த்தாள். எட்டுதான்.

“என் வாயில விழுந்துதான் அவ இப்படிக் கிடக்காளோன்னு இருக்கு. பாவி, நான் சொன்னது பலிச்சிட்டே! இனிமேலும் இந்தக் கையால அவ முகத்துல குத்தணுமா?”

செண்பகவடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜெபசீலி தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று இருந்தாள்.

பிறகு வெள்ளை நூலை ஊசியில் கோத்து, நுனியில் முடிச்சுப் போட்டாள். துணியை எடுத்துச் செண்பகவடிவின் மடியில் வைத்தாள். முதல் புள்ளியில் தன் விரலை வைத்துக் காட்டி, ஊசியை நீட்டினாள்.

செண்பகவடிவு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“குத்த மாட்டேன் டீச்சர்.”

“குத்தினது அன்னைக்கே ஆயிப்போச்சுக்கா. நூல்தான் இன்னும் போகல.”