ஓடை குத்திய நெல்

கண்ணுங்களா, மலையெல்லாம் மேகத்தைப் போர்த்திக்கொண்டு தூங்கிய ஒரு காலத்தில், ஓடைக்கரையில் ஒரு ராஜா ஆண்டு வந்தார். அவர் ஊரில் நெல் குத்திப் பிழைத்தாள் பூவாயி.

அந்த ஊரில் ஒரு வழக்கம். முழு அரிசி நெல்லுக்காரருக்கு, உடைந்த குருணை குத்தினவருக்கு. அந்தக் குருணையில்தான் பூவாயி வீட்டில் கஞ்சி கொதிக்கும், கைக்குழந்தை சிரிக்கும்.

ஒருநாள் தச்சன் வேலப்பன் ஒரு கனவு கண்டான். கனவில் தண்ணீர் உலக்கை பிடித்தது. விழித்ததும் அதை அப்படியே மரத்தில் செய்துவிட்டான். ஓடை சக்கரத்தைச் சுற்றியது, சக்கரம் உலக்கையைத் தூக்கியது, உலக்கை நெல்லைக் குத்தியது. டம், டம், டம்! பனிக்குள்ளே ஊரே தொட்டிலில் ஆடுவது போல இருந்தது.

அரிசி மலிந்தது. ஊர் மகிழ்ந்தது. பூவாயி வீட்டு அடுப்பில் மட்டும் பூனை தூங்கியது.

"சக்கரத்தை உடைச்சிரலாம் வாடி!" என்று கோடரியோடு வந்தாள், கூட நெல் குத்தின காத்தாயி.

"உடைச்சா தோள்வலி திரும்ப வருமேக்கா?"

"வயித்துவலிக்குத் தோள்வலி தேவலடி!"

பூவாயி கோடரியை வாங்கி ஓரமாக வைத்தாள். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ராஜாவிடம் போனாள்.

"ராஜாவே, சக்கரம் நல்லதுதான். ஆனா குருணையை வேலப்பண்ணனே எடுத்துக்கிறாரு."

"என் சக்கரம், என் உலக்கை. குருணை மட்டும் யாருக்காம்?" என்றான், ராஜா வரவழைத்த வேலப்பன்.

"நீங்க குத்துனீங்களாண்ணே?"

"இல்லை."

"உங்க வீட்டுல யாராச்சும்?"

"இல்லையே."

"அப்போ யாருதான் குத்துனது?"

"ஓடைதான் தாயி! ஓயாம குத்துது!" என்றான் பெருமையாக. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படியானால் குருணை ஓடைக்கு. ஓடையோ ஊருக்கு. சக்கரம் சுற்றட்டும், நெல்லுக்காரர் தரும் குத்துகூலி வேலப்பனுக்கு. குருணை, உலக்கையை இழந்தவர்களுக்கு. வேறு வேலை அமையும்வரை கொடுக்க வேண்டும்."

"இதுக்கு நான் கனவே கண்டிருக்க வேண்டாம்" என்று முணுமுணுத்தான் வேலப்பன்.

"ஏண்ணே, தாராளமா காணுங்க. அடுத்த கனவுல எங்களையும் சேர்த்துக் காணுங்க!"

வேலப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று பொழுது சாய, பூனை அடுப்பை விட்டு இறங்கியது. கஞ்சி கொதித்தது. டம், டம், டம் என்ற ஓசையில் குழந்தை வயிறு நிறைந்து கண்ணயர்ந்தது.

ஆக, புதுமை ஊருக்கு வேண்டியதுதான் என்றாலும், அதனால் கை ஓய்ந்தவர்களின் வயிறு காயாமல் பார்ப்பதும் அந்தப் புதுமையின் கடமைதான்.