பெயர் கடைசியில்

“ஒண்ணு. வேலைக்குச் சேர்ந்த புதுசுலயே ஆபீசர் கேன்டீனை விட்டுட்டு ஃபிட்டருங்களோட உக்காந்து சோறு தின்னான். அப்பவே ஆளுங்களை வளைச்சுப் போட்டுட்டான்.

“ரெண்டு. கியர் பல்லு உடைஞ்சப்ப, இரும்பு மட்டம்னு நான் சொன்னேன். இல்ல, உலையில வெச்ச சூடுதான் தப்புன்னு மேனேஜர் எதிர்லயே நிரூபிச்சான். தப்பு என்னுதுதான். தனியா சொல்லியிருக்கலாமே?

“மூணு. புது கம்ப்யூட்டர் மெஷின் வந்தப்ப, ஞாயித்துக்கிழமையில சும்மாவே வந்து கத்துக்கிட்டான். அப்புறம் எனக்கே சொல்லித்தர வந்தான். என்னா திமிரு!

“நாலு. கான்ட்ராக்ட் ஆளுங்களைக் குறைக்கணும், பேர் குடுங்கன்னு நிர்வாகம் கேட்டுது. நான் குடுத்தேன். அவன் ஒரு பேரும் குடுக்கல. யாரையும் அனுப்பாம வேலையை எப்படி மாத்திப் போடலாம்னு வரைஞ்சு காட்டினான். என்னைக் கெட்டவனாக்கிட்டான்.

“அஞ்சு. நான் மேலாண்மைக் கல்லூரிக்கு விண்ணப்பிச்சேன். மறுநாளே அவனும் போட்டான்.”

இளம்பரிதி மூச்சு வாங்கினான். நாலாவதைக் கேட்டதிலிருந்து பெஞ்சில் இருந்தவர்கள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் வேறு ஆலைகளின் இன்ஜினீயர்கள்.

எதிரே குமுதவல்லி டீச்சர். வயதில் அவனுக்கு இளையவர். அதே மாதிரி மேலாண்மைக் கல்லூரி ஒன்றில் படித்து, அவன் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலேயே பெரிய நாற்காலியில் உட்கார்ந்து, வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்றதால் வெளியே தள்ளப்பட்டவர். இப்போது தொழிற்சங்கக் கட்டடத்து மாடியில், மேலாண்மைக் கல்லூரியில் சேர விரும்புகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறார். கட்டணம் கிடையாது. சங்கத்து வழக்கத்துக்குக் கட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான்.

வழக்கம் இது. ஒருவன்மேல் குறை சொல்வதானால் எல்லோர் முன்னாலும், நடந்த வரிசையில் சொல்ல வேண்டும். பெயரைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். பெயர் முந்திக்கொண்டால் கேட்கிறவன் சாதி பார்ப்பான், கோஷ்டி பார்ப்பான். செயலைப் பார்க்க மாட்டான்.

கல்லூரி விண்ணப்பத்தோடு ஒரு சக ஊழியரின் பரிந்துரைக் கடிதமும் கேட்டிருந்தது. ஆலையின் கியர் பிரிவில் சம பதவியில் இருப்பவர்கள் பரிதியும் அந்த ஆளும்தான். ஒருவருக்கு ஒருவர் எழுதியே தீர வேண்டும். ஆலையோ ஒருவருக்கு மட்டும்தான் சம்பளத்தோடு படிப்பு விடுப்பு தரும்.

“அவனைப் பத்தி நான் என்னத்த எழுதுறது டீச்சர்?”

“எழுத வேணாம். எழுதியாச்சு.”

அவன் சொல்லச் சொல்ல அவர் எழுதியிருந்தார். வாசித்துக் காட்டினார். ‘திமிரு’ இல்லை. ‘வளைச்சுப் போட்டான்’ இல்லை. நடந்தது மட்டும் இருந்தது.

“இப்படி ஒருத்தர் வந்தா சேர்த்துக்குவீங்களா?” என்று பெஞ்சைப் பார்த்துக் கேட்டார்.

“யாருங்க அவரு?” என்றான் பம்ப் கம்பெனிக்காரன். “நம்பர் குடுங்க. எங்க மேனேஜரைத் தள்ளிட்டு இவரைப் போட்டுக்கறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். பரிதி மட்டும் சிரிக்கவில்லை.

“பேரைச் சொல்ல மாட்டேன். இந்தக் கடுதாசி போனா சீட்டும் அவனுக்கு, லீவும் அவனுக்கு. என்னைப் பத்தி அவன் இப்படியா எழுதுவான்?”

“நேத்து பேட்ச்சுல, இதே இடத்துல உக்காந்து அவரும் உங்க மேல குத்தம் சொன்னார்.”

“அஞ்சா?”

“ஏழு.”

பரிதி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஏழா? தன்னை அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறானா? இதிலும் அவன்தான் முந்தியா?

“என்னன்னு சொன்னான்?”

“உங்களை மாதிரியே வயிறெரிஞ்சுதான் சொன்னார். திமிரை எடுத்துட்டு அதைக் கல்லூரிக்கு அனுப்பியாச்சு.”

“அப்ப என்னுதுல இன்னும் எழுதுங்க. ஆறு. என் பொண்ணு பொறந்தப்ப என் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்தான். நன்றி சொல்லக்கூட விடல. ஏழு. அவனுக்கு விருது குடுத்தப்ப மேடையில என் பேரையும் சொன்னான், பிச்சை போடுற மாதிரி. எட்டு...”



டீச்சர் தாளை அவன் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார்.

“பேரு?”

பெஞ்சு முழுக்க அவனையே பார்த்தது. பரிதி எழுந்தான். எழுதினான். எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தான்.

“த. வைகுந்தன். கியர் பிரிவு.”