பின்ன மட்டும் தெரிந்த எட்டுப் பேர்

குடிமக்களின் ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்க ராஜாவுக்குப் பொழுது இருந்த காலம் அது. சின்னவர்களும் பெரியவர்களும் கேளுங்கள். கதை எங்கள் ஊரைப் பற்றியது. அதனால் பெருமையாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் ஊரில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு கோலாட்டக் குழு வைத்திருந்தார்கள். பகலில் செக்கு ஆட்டுவது, பானை வனைவது, முடி வெட்டுவது என்று ஆளுக்கு ஒரு வேலை. பொழுது சாய்ந்தால் கையில் கோல். ஆட்டத்தை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பார்த்தாலே தெரியும்.

குழுவின் தலைவர் செக்கு ஆட்டும் மாசிலாமணி. அவருக்குக் குரல் கிடையாது, தாளம் கிடையாது, கோபம் மட்டும் உண்டு. அதனால் தலைவரானார். பானை வனையும் வெள்ளையப்பன் என் முன்னோர். ஆடும்போது இடதுகால் எது, வலதுகால் எது என்று அவருக்கு மறந்துபோகும். எனக்கும் அப்படித்தான்.

அவர்கள் உயிரை விட்டது பின்னல் கோலாட்டத்துக்கு. உயரமான கம்பத்தின் உச்சியிலிருந்து எட்டு வண்ணக் கயிறுகள் தொங்கும். ஆளுக்கு ஒரு கயிறு. ஒருவருக்கு உள்பக்கம், அடுத்தவருக்கு வெளிப்பக்கம் என்று மாறி மாறிப் புகுந்து ஆடினால், மேலே சடைபோலப் பின்னல் விழும். அதே அடிகளைப் பின்னோக்கி ஆடினால் பின்னல் தானாக அவிழும்.

நம்மவர்கள் பின்னுவார்கள். பின்னி முடித்ததும் அண்ணாந்து பார்த்து ஒருவரையொருவர் மெச்சிக்கொள்வார்கள். உடனே பசி வந்துவிடும். எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள். மறுநாள் காலையில் அவர்களுடைய பெண்டாட்டிமார் கம்பத்தைச் சாய்த்து, திட்டிக்கொண்டே கையால் அவிழ்த்து வைப்பார்கள். ஒத்திகை மூன்று வருஷம் இப்படியே நடந்தது. அவிழ்ப்பதும் ஆட்டத்தில் பாதி என்று எட்டுப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் அம்மன் தேருக்கு முன்னால் ஆடும் முறை எங்கள் ஊருக்கு வந்தது. ஏழு ஊர்களுக்கு மாறி மாறி வரும் உரிமை அது. தேர் வரும் வீதியில் கம்பம் நட்டு, பின்னி, அவிழ்த்து, தேர் வருமுன் கம்பத்தையும் பிடுங்கிவிட வேண்டும். கயிற்றில் கத்தி படுவது அபசகுனம். எந்த ஊரின் கயிற்றை அறுக்க நேர்கிறதோ, அந்த ஊர் அதற்குப் பிறகு எந்தக் காலத்திலும் அம்மன் முன் ஆட முடியாது. எட்டுப் பேருக்கும் வாழ்க்கையில் இருந்த ஒரே சந்தோஷம் இந்த ஆட்டம்தான். அது போய்விட்டால் பொழுது சாய்ந்த பிறகு என்ன செய்வதென்றே அவர்களுக்குத் தெரியாது.

கயிறு கைநழுவுகிறது என்று மாசிலாமணி எல்லாரையும் இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொன்னார். தேர் நாளன்று ராஜா வந்து உட்கார்ந்ததும் ஆட்டம் தொடங்கியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. பின்னல் விழுந்தது. எட்டுப் பேரும் வழக்கம்போல அண்ணாந்து பார்த்து மெச்சிக்கொண்டார்கள். பசியும் வழக்கம்போல வந்தது.

ராஜா, சரி, இனி அவிழுங்கள் என்றார்.

பின்னோக்கி நாலடி வைத்ததும் சிக்கியது. மாசிலாமணி இழுக்கச் சொன்னார். இழுத்தார்கள், முடிச்சு இறுகியது. தள்ளச் சொன்னார். தள்ளினார்கள், இன்னும் இறுகியது. குதிக்கச் சொன்னார். அதையும் செய்தார்கள். கடைசியில் சந்தைக்குப் போகும் கோழிகளைப் போல எட்டுப் பேரும் கம்பத்தை ஒட்டி நெருக்கியடித்து நின்றார்கள்.

முடிவெட்டும் அங்கமுத்து தன் அடி சரி என்றார். வெள்ளையப்பன் தன் அடி சரி என்றார். மாசிலாமணி எல்லார் அடியும் தப்பு, தன் அடி ஒன்றுதான் சரி என்றார். அதற்குள் தேர் மேலவீதி திரும்பிவிட்டது. காவலன் ஒருவன் ஏணியும் கத்தியுமாக வந்து நின்றான்.

வெள்ளையப்பன்தான் முதலில் வாய் திறந்தார். என் முன்னோர் என்பதால் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். கத்தியைப் பார்த்த பயம், அவ்வளவுதான். கடைசிச் சுற்றில், பெண்டாட்டி தன்னைப் பார்க்கிறாளா என்று கூட்டத்தைத் துழாவியபடி ஆடியிருக்கிறார்.

“நான்தான்யா தப்பாப் போனேன். வெளிய போவ வேண்டிய எடத்துல உள்ள போயிட்டேன்,” என்றார்.

தப்பாகப் போன அதே வழியில் பின்னோக்கி வந்தார். கயிறு தளர்ந்தது. ஒரு சுற்று அவிழ்ந்தது. மறுபடி சிக்கியது.

அங்கமுத்து இருமினார். இரண்டாம் சுற்றில் காலை எறும்பு கடித்ததால் ஓர் ஆளைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார். எல்லாரும் அவரையே பார்க்கவும், எறும்பு எதுவும் இல்லை, கவனம்தான் இல்லை என்று ஒத்துக்கொண்டார். தாண்டிய இடத்தில் பின்னோக்கித் தாண்டினார். இன்னொரு சுற்று அவிழ்ந்தது. மறுபடி சிக்கியது.

முதல் சுற்றுதான் பாக்கி. தேர்ச் சக்கரத்தின் சத்தம் பக்கத்தில் கேட்டது. காவலன் ஏணியைக் கம்பத்தில் சாத்தினான். மற்ற ஏழு பேரும் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, மாசிலாமணியின் முகத்தைப் பார்த்தார்கள்.

மாசிலாமணி கோபப்பட முயன்றார். கோபம் வரவில்லை. முதல் சுற்றில் ராஜா கையசைத்தபோது தன்னைத்தான் பாராட்டுகிறார் என்று நினைத்து ஒரு கும்பிடு போட்டிருந்தார். போட்ட வேகத்தில் வழி மாறிவிட்டது. ராஜா அப்போது ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

“மொதத் தப்பு என்னோடது. ஒங்களத் திட்டறப்பவே எனக்குத் தெரியும்,” என்றார் மாசிலாமணி.

அவரும் தப்பாகப் போன வழியிலேயே திரும்பினார். எட்டுக் கயிறுகளும் பிரிந்து தொங்கின. கயிற்றை இடுப்பிலிருந்து அவிழ்க்கக்கூட நேரமில்லாமல், கம்பத்தைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு ஓரமாக ஓடினார்கள். தேர் கடந்து போனது. அம்மனைப் பார்த்து எட்டுப் பேரும் அழுதுகொண்டே கோல் தட்டினார்கள். அப்போதும் தாளம் சேரவில்லை.

ராஜா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உரிமை உங்களுக்கு உண்டு என்று சொல்லிவிட்டு, ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

“அடுத்த தடவை பின்னறதுக்கு வேற ஊர்க்காரங்களக் கூப்பிட்டுக்கறேன். அவுக்கறதுக்கு மட்டும் நீங்க வாங்க.”

எங்கள் ஊர்க்காரர்கள் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் நாங்கள் ஆடுகிறோம்.

ஆகவே கேட்டவர்களே, பலர் சேர்ந்து போட்ட சிக்கல், அவரவர் தப்பை அவரவரே வாய்விட்டுச் சொல்லித் திருத்திக்கொண்டால்தான் அவிழும்.