கணினிக்கு இட்ட மதிப்பெண்

மாணவர் மூன்றாம் மாடிக்குப் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது, முகமோ மலர்ந்திருந்தது. அவருக்கு வயது அறுபத்திரண்டு. ஆசிரியைக்கு முப்பத்துமூன்று.

மாணவரின் பெயர் குஞ்சிதபாதம். கணித ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தேழு ஆண்டுகள் பொதுத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்தியவர். ஆசிரியையின் பெயர் ஜெயசீலி. திருச்சியில் கணினி பழுதுபார்க்கக் கற்றுக்கொடுப்பவர். ஆறு மாதங்களாகச் சனிக்கிழமைதோறும் குஞ்சிதபாதம் அவரிடம் பாடம் கேட்டு வந்தார்.

"டீச்சர்! முடிச்சிட்டேன்!"

கக்கத்தில் இருந்த காகிதச் சுருளை மேசைமேல் விரித்தார். சுருள் மேசையைக் கடந்து தொங்கியது. அதில் மூன்று பத்திகள், வேகம், சத்தம் எனத் தொடங்கும் முப்பத்தெட்டு வரிகள், ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு மையில் ஒரு மதிப்பெண்.

முதல் பத்தி, சாப்பாட்டு டப்பா அளவே உள்ள ஒரு சிறு கணினிக்கு உரியது. விலை இருபத்தாறாயிரம். மற்ற இரண்டு பத்திகளும் பெரிய கணினிகளுக்கு உரியவை. ஒன்றின் விலை இருபத்தோராயிரம். மற்றொன்றின் விலை பதினெட்டாயிரம்.

குஞ்சிதபாதத்தின் ஊரான நெய்வாசல்பட்டியின் படிப்பகத்தில் பதினொரு பெண்கள் வங்கித் தேர்வுக்குப் படித்துவந்தனர். தேர்வு கணினியில்தான் நடைபெறும். அவர்களுள் ஒருவரும் கணினியில் தேர்வு எழுதிப் பழகியதில்லை. ஊரார் தந்த நன்கொடையில் ஒரே ஒரு கணினி வாங்க முடியும். அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் குஞ்சிதபாதம் ஏற்றிருந்தார். திரை வந்துவிட்டது, விசைப்பலகையும் சுட்டியும் வந்துவிட்டன. கணினிதான் வரவில்லை. தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்களே இருந்தன.

"எது ஜெயிச்சுது சார்?" என்று கேட்டார் ஆசிரியை.

"அதுதானே டீச்சர் விஷயமே! போன வாரம் சின்னதுதான் முதல். ஐந்நூத்துக்கு நானூத்துப் பன்னெண்டு. நேத்து மறுகூட்டல் போட்டேன், நானூத்து ஒன்பதாயிடுச்சு. நடுவுல இருக்கறது நானூத்துப் பதினொண்ணு. இப்ப ரெண்டையும் மறுமதிப்பீட்டுக்கு எடுத்திருக்கேன்."

"மூணாவது?"

"அதுக்குக் கருணை மதிப்பெண் போடலாமான்னு ஒரு யோசனை. காத்தாடி சத்தத்துல ரெண்டு மார்க் போயிடுச்சு."

"கருணையா? பொட்டிக்கா?"

"ஒரு மார்க்ல விட்டுடக் கூடாது பாருங்க. பாவம்."

ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மூணும் அந்தப் பொண்ணுங்க வேலைக்குத் தேறும்னு நாலு வாரத்துக்கு முன்னாடியே சொன்னேனே சார்."

"தேறும்னீங்க. ரேங்க் சொல்லலையே!"

அப்போது குஞ்சிதபாதத்தின் கைப்பேசி ஒலித்தது. அழைத்தவள் படிப்பகத்துப் பெண்களுள் ஒருத்தியாகிய சங்கவி. குரல் அறை முழுவதும் கேட்டது.

"சார், வாங்கிட்டீங்களா?"

"இன்னைக்கு முடிவாயிடும்மா!"

"போன சனிக்கிழமையும் இதேதான் சார் சொன்னீங்க. பதினோரு பேரும் அந்த வெறும் கீபோர்டை மாத்தி மாத்தித் தட்டிக்கிட்டு இருக்கோம். மவுச மேசை மேல சும்மா உருட்டறேன். எங்கம்மா பாத்துட்டு, சப்பாத்தி போடவா பழகறேன்னு கேக்குது."

"சரியானதா வாங்கணும்மா. அவசரப்படக் கூடாது."

"ஏதோ ஒண்ணு வாங்குங்க சார். நாங்க அவசரப்படறோம்."

அழைப்பு நின்றது. குஞ்சிதபாதம் சுருளின் ஓரத்தை நீவினார். பின்னர் முறையாக எழுந்து நின்று, வகுப்பில் ஐயம் கேட்பவரைப்போலக் கேட்டார்.

"டீச்சர், நீங்களே சொல்லுங்க. இந்த மூணுல எது சிறந்தது?"

ஆசிரியை கீழ்த்தளத்துக் கணினிக் கடைக்குப் பேசி, மூன்று கணினிகளையும் பெட்டியோடு மேலே வரவழைத்தார். அறையின் குறுக்கே கயிறு கட்டி நீலத் தார்ப்பாய் ஒன்றைத் தொங்கவிட்டார். பெட்டிகள் மூன்றும் தார்ப்பாய்க்குப் பின்னே போயின. வகுப்பறையின் திரையும் விசைப்பலகையும் சுட்டியும் முன்புறத்தில் நின்றன.

"சார், பேப்பர் திருத்தறப்ப அது யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது, தெரியவும் கூடாது. பேரும் பதிவெண்ணும் இருக்கற பகுதியை எடுத்துட்டு, டம்மி நம்பர் போட்டுத்தான் எங்க கைக்கு வரும்."

"அதேதான் இங்கயும். கம்ப்யூட்டர் அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம். மூணு சுத்து. ஒவ்வொரு சுத்துலயும் அந்தப் பொண்ணுங்க எழுதப்போற மாதிரியே ஒரு பயிற்சித் தேர்வு எழுதுங்க. எழுதி முடிச்சு, அந்தக் கம்ப்யூட்டருக்கு நூத்துக்கு மார்க் போடுங்க. ஆனா உள்ள என்ன கம்பெனின்னு தோண்டிப் பாக்கக் கூடாது."

குஞ்சிதபாதம் நிமிர்ந்தார். "டம்மி நம்பரை உடைச்சுப் பாக்கற ஆள் இல்ல டீச்சர் நான்! நான் பேப்பர் திருத்தின முகாம்ல கேட்டுப் பாருங்க." சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். "அடடா, இது ஏன் எனக்குத் தோணாமப் போச்சு!"

முதற்சுற்று தொடங்கியது. அவர் காலையில் சிற்றுண்டி உண்ணாமல் வந்திருந்தார். வினாக்களைப் படித்தார், சுட்டியை அழுத்தினார், இருமுறை அழுத்தினார். தேர்வு முடிந்ததும் தாளில் எழுதினார்: அறுபத்தெட்டு.

"நிதானமான ஆளுதான். ஆனா ஒரு மந்தம் இருக்கு" என்றார்.

தார்ப்பாய்க்குப் பின்னே ஆசிரியை இணைப்பு வடங்களைக் கழற்றும் ஒலியும் மாட்டும் ஒலியும் கேட்டன. அதற்குள் தேநீரும் இரண்டு மெதுவடையும் வந்தன. மாணவர் இரண்டு வடைகளையும் உண்டார்.

இரண்டாம் சுற்றில் அவர் இருக்கையிலிருந்தே துள்ளினார்.

"பாருங்க டீச்சர், பாருங்க! விரல் படறதுக்குள்ள அடுத்த கேள்வி வந்து நிக்குது! இது குதிரை!" மதிப்பெண்: தொண்ணூற்றொன்று. அதன்கீழ் இருமுறை கோடிட்டார்.

மீண்டும் வடங்களின் ஒலி.

மூன்றாம் சுற்றில் இரண்டு தொடர்வண்டிகள் எதிரெதிரே வரும் கணக்கு ஒன்று வந்தது. குஞ்சிதபாதம் அதைத் தவறாகப் போட்டார். திரை அதைச் சிவப்பில் காட்டியது. அவர் அந்தச் சிவப்பை நெடுநேரம் பார்த்தார். மதிப்பெண்: ஐம்பத்தைந்து.

"இழுக்குது டீச்சர். ஒவ்வொரு அழுத்தலுக்கும் முக்குது. இது எதுன்னு நான் சொல்லட்டுமா? பதினெட்டாயிரம்! ரெண்டாவதா வந்ததுதான் சின்னது, இருபத்தாறாயிரம். முதல்ல வந்தது நடுவுல இருக்கறது. விலை பேசுது பாத்தீங்களா? திறங்க, திறங்க!"

ஆசிரியை கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்தார். தார்ப்பாய் சரிந்து விழுந்தது.

பெரிய பெட்டிகள் இரண்டும் சுவரோரம் இருந்தன. முக்காலியின்மேல் அந்தச் சிறு கணினி மட்டும் இணைப்போடு இருந்தது.

குஞ்சிதபாதம் குனிந்து பெட்டிகளைப் பார்த்தார். கடையில் ஒட்டிய நாடா அப்படியே இருந்தது.

"மத்த ரெண்டையும் அதுக்குள்ள திருப்பி ஒட்டிட்டீங்களா?"

"பிரிக்கவே இல்ல சார்."

அவர் தாளைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார்.

"அப்ப அந்தத் தொண்ணூத்தொண்ணு?"

"இதுதான்."

"அறுபத்தெட்டு?"

"இதேதான்."

"ஐம்பத்தஞ்சும் இதுவா?"

"ஆமா சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முதலில் தோள்கள் குலுங்கின. பிறகு வயிறு குலுங்கியது. பிறகு வெடித்துச் சிரித்தார். "முக்குதுன்னு சொன்னேனே டீச்சர்! அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்திருக்கு! முக்கினது நான்தான்!"

ஆசிரியையும் சிரித்துவிட்டார். "வடை ரெண்டும் நல்ல மார்க் வாங்கிக் குடுத்துச்சு சார்."

"சட்னிக்கு இன்னும் அஞ்சு போட்டிருப்பேன்!"

சிரிப்பு ஓய்ந்தது. அவர் சிவப்புப் பேனாவை விரல்களுக்கிடையே உருட்டினார்.

"இருபத்தேழு வருஷம் டீச்சர். ஒரு நாளைக்கு எத்தனை பேப்பர்... அப்ப அதெல்லாம்..."

கீழே சாலையில் ஒரு பேருந்து ஒலியெழுப்பிக் கடந்து சென்றது.

சற்று நேரத்தில் அவர் முகம் மீண்டும் ஒளி பெற்றது.

"புரிஞ்சிடுச்சு டீச்சர். இந்தச் சின்னதுதான் சிறந்ததுன்னு சொல்ல வர்றீங்க."

"இல்ல சார். அங்க பெரியதை வச்சிருந்தாலும் இதே மாதிரிதான் போட்டிருப்பீங்க."

"அப்படியா! அப்ப விலை குறைஞ்சதையே எடுத்துடலாம். எட்டாயிரம் மிச்சம்." ஓர் அடி எடுத்து வைத்தார், நின்றார். "ஆனா சின்னது கரண்டு கம்மியாக் குடிக்கும். அதுவும் ஒரு கணக்குதான். நடுவுல இருக்கறதுல பின்னாடி உறுப்பு சேத்துக்கலாம், இடமிருக்கு. அதையும் விட முடியாது..."

பேனாவின் மூடி கழன்றது. முப்பத்தெட்டாம் வரிக்குக் கீழே அவர் ஒரு கோடு இழுத்தார். முப்பத்தொன்பதாம் வரி பிறந்தது.

"டீச்சர், கடைசியா ஒரே ஒரு கேள்வி. இதுல எதை எடுக்கறது?"

ஆசிரியை சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். சிறு கணினியை அணைத்தார், வடங்களைக் கழற்றினார், அதைத் துண்டு ஒன்றில் பொதிந்தார். பிறகு மாணவரின் கையிலிருந்த பேனாவை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, பொதியை அவருடைய இரு கைகளிலும் வைத்தார்.

"மூணரை மணி பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டுப் போகக்கூடியது எது சார்?"