ஈரப் பலகையில் ஒரு டம்ளர்

முதலில் கேட்டது பாட்டுதான். அதற்கு அடியில், தேங்காய்நார் பிரஷ் மரத்தைத் தேய்க்கும் கரக் கரக் சத்தம்.

"யாருங்க அது, காலங்காத்தால?" என்று கேட்டபடி அமிர்தவல்லி அம்மா வெளியே வந்தார். ஜவ்வாது மலைச் சரிவில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு அவர்தான் குரு. வயது நாற்பதுதான்.

ஓடைப் பக்கம் மரக்கால்கள்மேல் நின்ற பலகைத் தளத்தில், சீடர் தில்லைநாயகம் முழங்காலிட்டுப் பாடிக்கொண்டே தேய்த்துக்கொண்டிருந்தார். மீசையில் சோப்பு நுரை. வயது அறுபத்தொன்று. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதத்துக்கு முன்பு ஃப்ரிட்ஜில் 'ஞானம் தேடிப் போகிறேன்' என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டு இங்கே வந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் மனைவி கனகம் அவரோடு பேசவில்லை. நேற்றுதான் போன் வந்தது. ஒரே வரி. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

"அம்மா, அவ பத்து இருபது மணி பஸ்ஸுல வர்றா! அதுதான் நேரா வரும். இன்னிக்கு வியாழன். இன்னிக்குக் கழுவுறேன், நாளைக்கு வார்னிஷ், சனிக்கிழமை இன்னொரு கை. ஞாயித்துக்கிழமை அவ இதுல முகம் பார்க்கலாம்!"

"தன் முகத்தைப் பார்க்கவா அவங்க அவ்வளவு தூரம் வர்றாங்க?"

அவர் சிரித்தார். காதில் வாங்கினாரா என்பது தெரியவில்லை. பழைய வார்னிஷ் மீன் செதில் மாதிரி உரிந்து நின்றது. போன வருஷம் மழை விட்ட மறுநாளே யாரோ அவசரமாகப் பூசிவிட்டுப் போனது. அதையெல்லாம் தகட்டால் சுரண்டி எடுத்துவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். பாசியின் கறுப்பு போய் மரத்தின் நிறம் வந்ததும், "பாருங்கம்மா, பாருங்க!" என்று சின்னப் பிள்ளைபோல் கத்தினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வார்னிஷ் டப்பாவும் கையுமாக வந்தார்.

"காஞ்சிடுச்சும்மா. தொட்டுப் பார்த்துட்டேன். சுக்கு மாதிரி இருக்கு."

"ஒரு கண்ணாடி டம்ளர் எடுத்துட்டு வாங்க."

கொண்டுவந்தார். அம்மா அதை வெயில் விழுந்த பலகையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். தில்லைநாயகத்துக்கு உட்கார முடியவில்லை. நடந்தார். வாட்சைப் பார்த்தார்.

"டீ கீ வருமாம்மா இதுல?"

"பொறுங்க."

அரை மணி நேரத்தில் டம்ளரின் உட்புறம் பனி படிந்ததுபோல் மங்கியது. பிறகு ஒரு துளி கீழே வழிந்தது.

"வேர்த்திருக்கு!" என்றார் அவர். "நான் தொட்டப்ப ஒண்ணும் இல்லையே?"

"ஈரம் மரத்துக்குள்ள இருக்கு. உங்க கை தொட்டுட்டு உடனே திரும்பிடுச்சு. டம்ளர் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துச்சு."

சனிக்கிழமை அவர் ஐந்து தடவை டம்ளரைக் கவிழ்த்தார். ஐந்து தடவையும் மங்கல். டேபிள் ஃபேன் வந்தது. அப்புறம் கரி அடுப்பு வந்தது.

"பலகையை வறுக்கப் போறீங்களா?"

"லேசாச் சூடு காட்டலாம்னு..."

"வெடிச்சுப்போகும்."

"அப்போ ஞாயித்துக்கிழமை?"

"வழக்கம்போல வரும்."

அடுப்பைத் திருப்பி எடுத்துப்போனவர் நாலு தாளோடு வந்தார். முகத்தில் மறுபடி வெளிச்சம்.

"தளம் போனாப் போகட்டும்மா. இது தயார். அவகிட்ட மன்னிப்புக் கேட்க எழுதினது. ஒரே மூச்சில எழுதினேன். மனப்பாடமே பண்ணிட்டேன். கேளுங்க."

நின்றுகொண்டு, கை நீட்டி, முழுவதும் சொன்னார். நன்றாகவே இருந்தது. ஓர் இடத்தில் அவர் குரலே தழுதழுத்தது.

அம்மா கடைசிவரை கேட்டார். "இதுல அவங்க பேசுற இடம் எது?"

தில்லைநாயகம் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். முன்னும் பார்த்தார், பின்னும் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பதினோரு நிமிஷம் தாமதம். கனகம் இறங்கினார். நடந்து வந்து, வெளிறிச் சொரசொரத்துக் கிடந்த தளத்தைப் பார்த்தார்.

"என்ன இது? பாதியில விட்டாச்சா? வழக்கம்தானே."

தில்லைநாயகத்தின் கை சட்டைப்பைக்குப் போனது. தாள்களைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"இன்னும் காயல, கனகு," என்றார்.

கனகம் அந்த வெறும் பலகையிலேயே உட்கார்ந்தார். ஓடையைப் பார்த்தபடி ஆரம்பித்தார். சீட்டைப் படித்த அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பக்கத்து வீட்டில் கேட்டபோது, தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று எட்டு மாதமாகச் சொல்லிவருவது. மோட்டார் கெட்டு மூன்று நாள் குடத்தோடு தெருக்கோடி வரை நடந்தது. முழங்கால் வலி.

"ஞானம் தேடிப் போறேன்னு எழுதினீங்களே, நான் என்னத்தைத் தேடிட்டு அந்த வீட்டுல உட்கார்ந்திருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாய்யா?"

பதில் சொல்ல அவரிடம் நாலு பக்கம் இருந்தது. சொல்லவில்லை. கனகம் திட்டினார், அழுதார், மூக்கைச் சிந்தினார், மறுபடி திட்டினார். மூன்றரை மணி பஸ்ஸில் ஏறிப் போனார்.

அம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தபோது, தில்லைநாயகம் மேல்மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"அம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமையும் வர்றாளாம்! அவளே சொன்னா. இன்னும் திட்டு பாக்கி இருக்குன்னா!" சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா நான் மன்னிப்பே கேட்கலம்மா. வாயைத் திறக்க இடமே கிடைக்கல. அடுத்த வாரத்துக்குள்ள தளமும் காஞ்சிடும். காஞ்சிடுச்சு, இனிமே பூசலாம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா கையிலிருந்த காயை முறத்தில் வைத்தார்.

"ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. முத்து முத்தா மேலேயே நின்னா, பூச வேணாம். மரம் குடிச்சுதுன்னா பூசுங்க. அப்போ நீங்க கொடுக்கிறதையும் குடிக்கும்."

தில்லைநாயகம் சட்டைப்பையிலிருந்த நாலு தாளையும் தடவிப் பார்த்தார். அம்மா முறத்தை மடிப்பக்கம் இழுத்து, அடுத்த அவரைக்காயின் நுனியைக் கிள்ளினார்.