பிடரி முளைத்தவர்கள்

முன்னொரு காலத்தில், சிங்கக்கொடி பறந்த ஒரு நாட்டில், அரசனின் தங்கை உலகுடையாள் தன் கணவனுக்கு மோர் கலக்கிக் கொடுத்தாள். "உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றபடியே குடித்துவிட்டு அவன் எல்லைப் போருக்குப் புறப்பட்டான். மூன்றாம் நாள் குதிரை மட்டும் திரும்பி வந்தது.

கைக்குழந்தையோடு அவள் பிறந்த அரண்மனைக்கே வந்து சேர்ந்தாள். அரசன் எதற்கும் தங்கையிடம் யோசனை கேட்பது தளவாய் மருதப்பருக்குப் பொறுக்கவில்லை.

"அரசே, தாங்கள் சிங்கம். சிங்கம் விதவைத் தங்கையை வீட்டில் வைத்துக்கொள்ளுமா?" என்றார்.

சிங்கம் என்றால் அரசனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். "இனி சிங்கத்தின் வழக்கமே இங்கே சட்டம். அது யாரைத் துரத்துகிறதோ அவர்களை நானும் துரத்துவேன். நம் சபை விகடன் குழைக்காதன் காட்டுக்குப் போய்ப் பார்த்து வரட்டும்" என்றான்.

அந்த வாயாடியும் சிங்கத்துக்கு இரையாவான் என்று தளவாய் மகிழ்ந்தார். உலகுடையாள் துணிமணிகளை மூட்டை கட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

பன்னிரண்டு நாள் மரத்தின் மேல் இருந்துவிட்டு, உடம்பெல்லாம் எறும்புக்கடியோடு குழைக்காதன் சபைக்கு வந்தான்.

"அரசே, அங்கே அக்காள், தங்கை, மகள், பேத்தி எல்லாம் ஒரே கூட்டம். பிறந்த இடத்தை விட்டு அவர்களை யாரும் அனுப்புவதில்லை. ஒருத்தியின் குட்டி பசித்து அழுதால் இன்னொருத்தி பால் கொடுக்கிறாள்."

"பிறகு யாரைத்தான் துரத்தும்?"

"பிடரி மயிர் முளைக்கிற ஆண்களை. நம் சபையில் பிடரிக்குப் பதில் மீசை. தலைவராகத் தாங்கள் ஒருவர் போதும். மற்ற மீசைக்காரர்கள் நாளைக்குள் காட்டுக்குப் போக வேண்டும். தங்கள் வாக்கு."

மறுநாள் சபையில் அரசனைத் தவிர மீசை வைத்த ஒருவரும் இல்லை. எல்லாரும் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உலகுடையாள் குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கணவன் போன பிறகு அவளுக்கு வந்த முதல் சிரிப்பு அது.

"மீசை போய்விட்டது, அரசே. இனி எங்களைத் துரத்த முடியாது" என்றார் தளவாய்.

"முடியாதுதான்" என்றான் குழைக்காதன். "பிடரி இல்லாதவர்களுக்கு அங்கே வேறு வேலை. வேட்டையாடித் தலைவருக்குக் கொண்டுவர வேண்டும். யார் குட்டியானாலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தளவாய் ஐயா, மடியைக் காட்டுங்கள்."

குழந்தையை வாங்கி அவர் மடியில் வைத்தான். அது அவருடைய மழித்த உதட்டைத் தடவிப் பார்த்தது. பிறகு நிதானமாக மடியை நனைத்தது.

அரசன் சிம்மாசனம் ஆடச் சிரித்தான். முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதன் கழுத்தில் போட்டான். "இந்தச் சட்டம் இன்றோடு சரி. என் தங்கை இங்கேதான் இருப்பாள்."

உலகுடையாள் குழந்தையை வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். விட்டத்தில் தூளி கட்டினபடியே தொங்கிக்கொண்டிருந்தது.