தும்பன் தள்ளிவிட்ட உருண்டை

குளக்கரை நாவல் மரத்தடியில் ஒரு பெரிய கம்பிக் கூண்டு இருந்தது. அதில் தும்பன் என்ற ஆண் கிளியும் பவழி என்ற பெண் கிளியும் குடித்தனம் நடத்தினார்கள். பச்சை உடம்பும் சிவந்த முகமும் கொண்ட சிறிய இனத்துக் கிளிகள். வால்தான் கட்டை, வாய் நல்ல நீளம். அதிலும் பவழி பேச ஆரம்பித்தால் குளத்துத் தவளைகள்கூட அடங்கிவிடும்.

கொய்யாப்பழம் வைத்தால் காய் என்பாள். காற்று அடித்தால் அதற்கும் தும்பனைத்தான் திட்டுவாள். தும்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். அவள் திட்டினாலும் அவனுக்குச் சந்தோஷம்தான்.

அந்த இனத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் கிளி தீனியை உரித்து விழுங்கி, தொண்டைப் பையில் வைத்திருந்து, திரும்ப எடுத்துப் பெண்ணின் வாயில் ஊட்டும். கேட்க நமக்குக் கொஞ்சம் ஒருமாதிரியாக இருக்கலாம். அவர்களுக்கு அதுதான் அன்பு. ஊட்டத் தெரியாத ஆணை எந்தப் பெண்ணும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள்.

ஊட்டுவதில் தும்பன் மகா கெட்டிக்காரன். கிண்ணத்தில் இருப்பதிலேயே கொழுத்த சூரியகாந்தி விதையாகப் பார்த்துப் பொறுக்குவான். நொடியில் தோலை உரித்துத் துப்புவான். பவழி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டால் அன்றைய பொழுது அவனுக்கு நல்ல பொழுது.

கூண்டுக்குச் சொந்தக்காரி மரகதவல்லி. குளத்தை ஒட்டி நாற்றுப் பண்ணை வைத்திருந்தவள். இரண்டு வருஷமாகக் கிளிகளுக்கு அவள் போட்டது சூரியகாந்தி விதைதான். ஆசையாகத் தின்கிறதே, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

ஒரு நாள் பவழியின் அலகு செதில் செதிலாக உரிவதை அவள் பார்த்தாள். இறகும் வெளிறிக் கிடந்தது. உடனே கூடையில் வைத்து டாக்டரிடம் கொண்டுபோனாள். டாக்டர் பவழியைப் புரட்டிப் பார்த்துவிட்டு விஷயத்தைப் போட்டு உடைத்தார். அந்த விதை முழுக்கக் கொழுப்பு. எலும்புக்கு வேண்டியது அதில் இல்லை. இப்படியே இருந்து முட்டையும் வைக்க ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து. இனிமேல் பெல்லட் தீனி கொடுங்கள் என்றார். தானியம், காய்கறி, சுண்ணாம்புச் சத்து எல்லாம் சேர்த்து அரைத்து உருட்டிய தீனி அது. ஒரேயடியாக மாற்றினால் கிளி பட்டினி கிடக்கும், அதனால் விதையோடு கலந்து வைத்து, விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

இதெல்லாம் பவழியின் தலைக்கு மேலேதான் பேசப்பட்டது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிளி மனிதர் பேச்சைத் திருப்பிச் சொல்லும் என்பது உண்மை. திருப்பிச் சொல்கிறவர்களுக்கெல்லாம் விஷயம் புரிந்திருக்கிறது என்று யார் சொன்னது?

மறுநாள் கிண்ணத்தில் பாதிக்குப் பாதி பழுப்பு உருண்டைகள். மீதிதான் விதை.

"ஏங்க, என்ன இது? மண்ணாங்கட்டியைக் கொண்டுவந்து கொட்டியிருக்காங்க" என்றாள் பவழி.

இருவருமாக உருண்டைகளைக் கம்பிக்கு வெளியே தள்ளினார்கள். நாவல் மரப் பொந்தில் மூன்று குட்டிகளோடு ஓர் அணில் குடியிருந்தாள். கிளிகள் அவளை அணிலக்கா என்று கூப்பிடுவார்கள். அவள் கீழே வந்து உருண்டைகளை ஒன்று விடாமல் பொறுக்கித் தின்றாள்.

உருண்டைகளைத் தள்ளியாயிற்று. மிச்சமிருந்த விதை ஒருவர் வயிற்றுக்குத்தான் காணும். தும்பன் பவழியைப் பார்த்தான். கிண்ணத்தைப் பார்த்தான். விதை அத்தனையும் அவளுக்கு என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டான்.

"உங்களுக்கு?" என்று பவழி கேட்டாள்.

"நான் அப்பவே சாப்பிட்டாச்சு. நீ சாப்பிடு."

எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் சொல்லும் பொய்தான் அது. சொல்லும்போது மனசு குளிர்ந்துபோகும். வயிறு அப்படிக் குளிராது. மத்தியானம் பவழி கண்ணயர்ந்த நேரத்தில் தும்பனுக்குப் பசி பொறுக்கவில்லை. கிண்ணத்தின் அடியில் தள்ளாமல் விட்டுப்போன உருண்டைகளில் ஒன்றைக் கடித்தான். சப்பென்று இருந்தது. வேறு வழியில்லாமல் விழுங்கினான். இன்னொன்றும் விழுங்கினான்.

பத்து நாளில் அது அவனுக்குப் பழகிவிட்டது. சொல்லப்போனால் பிடித்தும் விட்டது. ஆனால் அதை அவன் தன்னிடமே ஒப்புக்கொள்ளவில்லை. நல்லதையெல்லாம் அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கழிசடையைத் தின்கிறேன் என்று நினைப்பதில் ஒரு பெருமை இருந்தது. விட்டுக்கொடுக்கும் சுகம் இருக்கிறதே, அது சூரியகாந்தி விதையைவிட ருசியானது. அதற்குப் பழகிய நாக்கு லேசில் விடாது.

மாதம் ஒன்று ஓடியது. தும்பன் உடம்பில் பச்சை ஏறிப் பளபளத்தது. குரல் கணீரென்று குளத்தின் அக்கரை வரை கேட்டது. பவழியோ கொஞ்சம் பறந்தாலே மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளை மாதிரி மினுக்குறீங்களே, என்ன சங்கதி?" என்று கேட்டாள்.

அன்று மத்தியானம் அவள் தூங்கவில்லை. தும்பன் உருண்டையைக் கொறிப்பதைப் பார்த்துவிட்டாள். கிளிகளின் சுபாவம் அது. தன் ஜோடி எதைத் தின்கிறதோ அதைத் தானும் தின்று பார்க்கத் தோன்றும். அவள் தத்தித் தத்திக் கிண்ணத்தருகே வந்தாள். கழுத்தை நீட்டி, ஓர் உருண்டையை அலகால் தொட்டாள்.

தும்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் பவழி இதைத் தின்பதா? அவன் குறுக்கே பாய்ந்து, தோளால் அவளை இடித்துத் தள்ளினான். அந்த உருண்டையையும் கம்பிக்கு வெளியே தள்ளிவிட்டான்.

"இது உனக்கு வேணாம். இந்தா" என்று தொண்டையிலிருந்த விதையை எடுத்து ஊட்டினான்.

பவழி அதை வாங்கிக்கொண்டாள். ருசியாகத்தான் இருந்தது. பிறகு அவள் உருண்டைப் பக்கம் வரவேயில்லை.

இதையெல்லாம் அணிலக்கா மரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பவழி குளிக்கத் தண்ணீர்த் தட்டுக்குப் போன நேரம் பார்த்து இறங்கி வந்தாள்.

"தம்பி, அவளை ஏன் தள்ளினே? போன தடவை குட்டி போட்டப்போ எனக்கு முடியெல்லாம் கொட்டிப்போச்சு, காலு நடுங்கும். இந்தத் தடவை நீங்க தள்ளிவிட்டதைத் தின்னேன். பாரு, எப்படி இருக்கேன்! அவளும் தின்னட்டும்ப்பா."

"நான் திங்கிற கழிசடையை அவளுக்குக் கொடுப்பேனாக்கா? என்னை என்னன்னு நினைச்சே?" என்றான் தும்பன்.

அணிலக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பளபளவென்று நின்றுகொண்டு கழிசடை என்கிறானே என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் வேறொன்றும் சொல்லாமல், கீழே கிடந்த உருண்டையைக் கவ்விக்கொண்டு மரமேறினாள்.

மரகதவல்லிக்கு இந்த வீட்டு விவகாரம் எதுவும் தெரியாது. சாயங்காலம் வந்து பார்த்தால் கிண்ணம் காலி. தும்பன் பளபளக்கிறான். இரண்டும் நன்றாகத் தின்கின்றன என்று அவள் நிம்மதியானாள். எது யார் வயிற்றுக்குப் போனது என்று காலிக் கிண்ணம் சொல்லுமா? அவள் ஒரு மண்பானையைக் கூண்டில் கட்டிவிட்டு, தென்னங்கீற்றும் போட்டுவிட்டுப் போனாள்.

பானையைப் பார்த்ததும் பவழிக்குத் தலைகால் புரியவில்லை. கீற்றை நீள நீளமாகக் கிழித்து, முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு பானைக்குப் பறந்தாள். பாதி வழியில் விழும். திரும்ப வந்து கிழிப்பாள். மூச்சு வாங்கும். "கொஞ்சம் நில்லேன்" என்றால் கேட்க மாட்டாள்.

"பிள்ளைங்க வந்தா முதல்ல என்னை மாதிரி பேசத்தான் சொல்லிக் கொடுப்பேன்" என்றாள்.

தும்பன் அன்று இன்னும் இரண்டு விதை கூடுதலாகத் தேடி ஊட்டினான்.

முதல் முட்டை வந்தது. ஓடு கெட்டியாக இல்லை. தோல் மாதிரி மெத்தென்று இருந்தது. பவழி அதைப் பார்த்தபடி வெகு நேரம் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்து தும்பன் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடுத்த முட்டை நன்றாக வரும் என்று அவன் தைரியம் சொன்னான்.

அடுத்த முட்டை வரவில்லை. அது உள்ளேயே அடைத்துக்கொண்டது. இரண்டாம் நாள் காலையில் பவழி கூண்டின் தரையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கியது. கிண்ணத்தில் விதை வெகு குறைவு. தும்பன் தேடித் துழாவி ஒன்றை எடுத்து உரித்துக்கொண்டு வந்தான்.

"சாப்பிடு பவழி. நல்ல கொழுத்த விதை."

"வேணாங்க." அவள் அவனையே பார்த்தாள். "நீங்க அந்த உருண்டையைத்தானே தின்னீங்க இத்தனை நாளும்?"

"ஆமா. விதை பத்தலை. அதான்..."

"அன்னிக்கு நானும் ஒண்ணு எடுக்க வந்தேன்."

தும்பன் உரித்த விதையைக் கீழே வைத்தான்.

"ஆசையிலதான் தள்ளினீங்க. தெரியும்" என்றாள் பவழி. அதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

தும்பன் பாய்ந்துபோய் ஓர் உருண்டையை எடுத்து வந்தான். கடித்துப் பொடியாக்கி அவள் அலகில் வைத்தான். அவள் விழுங்கப் பார்த்தாள். முடியவில்லை. பொடி மார்பில் சிந்தியது.

அவன் போட்ட கூச்சலில் மரகதவல்லி ஓடிவந்தாள். பவழியைக் கூடையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் விரைந்தாள். தும்பன் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பாதையையே பார்த்திருந்தான். மத்தியானம் கூடை திரும்பி வந்தது. அதில் ஒரு தென்னங்கீற்றுத் துண்டு மட்டும் கிடந்தது. பவழியின் முதுகில் செருகியிருந்த துண்டு அது.

பவழியைக் காப்பாற்ற முடியவில்லை, எலும்பில் சத்தே இல்லை, இந்தக் கிளி விதையைத் தவிர வேறெதுவும் தின்றதில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது எப்படி என்று மரகதவல்லிக்கு முதலில் விளங்கவில்லை. கூண்டுக்கு முன்னால் நின்று தும்பனைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கிண்ணத்தைப் பார்த்தேனே ஒழிய உங்களைப் பார்க்கலையேப்பா" என்றாள்.

தும்பனுக்கு அந்தப் பேச்சு புரியவில்லை. அந்தக் குரல் புரிந்தது.

சாயங்காலம் அணிலக்கா இறங்கி வந்தாள். வந்தவள் எதையும் பொறுக்கவில்லை.

"நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்கா" என்றான் தும்பன்.

"நான் ஒரு தடவைதான் சொன்னேன். இன்னும் பத்து தடவை சொல்லியிருக்கணும். அவளும் தின்ன ஆரம்பிச்சா கீழே விழுறது குறைஞ்சுபோகுமேன்னு பேசாம இருந்துட்டேன். என் குட்டிங்க வயிறுதான் எனக்குப் பெருசாத் தெரிஞ்சது." அதைச் சொல்லும்போது அவள் தும்பனின் முகத்தைப் பார்க்கவில்லை.



அதற்குப் பிறகு கிண்ணத்தில் விதை விழவே இல்லை. உருண்டையும் கீரையும் காயும்தான். தும்பன் தின்றான். உடம்பு பளபளவென்றுதான் இருந்தது. தண்ணீர்த் தட்டில் அந்தப் பளபளப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு மனசு வலித்தது.

ஒரு மழைக்காலம் கழிந்தது. வேறு யாரோ வளர்க்க முடியாமல் விட்டுப்போன ஒரு கிளியை மரகதவல்லி கொண்டுவந்து கூண்டில் விட்டாள். கொன்றை என்று பெயர், மஞ்சள் நிறம். விதையே தின்று வளர்ந்தவள். உருண்டையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதையெல்லாம் யாருங்க தின்பாங்க?"

"நான் தின்கிறேன்" என்றான் தும்பன்.

இந்த முறை அவள் தூங்கும்வரை அவன் காத்திருக்கவில்லை. அவள் கண்ணெதிரே கிண்ணத்தருகே நின்று ஓர் உருண்டையைக் கொறித்தான். மறுநாளும் கொறித்தான். மரகதவல்லியும் ஒரு மோடாவைப் போட்டு உட்கார்ந்து, கிண்ணத்தை விட்டுவிட்டுக் கிளிகளையே பார்த்திருந்தாள். மூன்றாம் நாள் கொன்றை தத்தித் தத்தி வந்தாள். கழுத்தை நீட்டி, ஓர் உருண்டையை அலகால் தொட்டாள்.

தும்பன் ஓர் அடி விலகி அவளுக்கு வழி விட்டான். கொன்றை கடித்தாள், முகம் சுளித்தாள், விழுங்கினாள்.

அன்றைக்கும் இந்த ஓர் அடிதானே நகர வேண்டியிருந்தது என்று தும்பன் நினைத்தான். பானை கட்டியிருந்த பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

நாவுக்கு இனியதை ஊட்டிவிட்டு அதையே அன்பு என்று நினைத்திருப்பவர், நேசித்தவருக்கு நல்லது எதுவென்று காலம் கடந்த பிறகுதான் தெரிந்துகொள்வார்.